தொட்டவர்கள் இருபத்தாறு, வந்தவர்கள் மூன்று

அந்த ஈஸ்டர் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு முன்னறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் தனியாக உட்கார்ந்து எதையோ நினைத்துக்கொண்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. ஃபிலோமினாவாகிய நான். என் வீட்டுக்காரர் சேவியர், நாச்சாரத்தில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். அவருடைய தம்பி ஆண்டனி. ஆண்டனியின் மனைவி விமலா, அதாவது என் ஓரகத்தி. என் மகள் ஷெரின். ஆக ஐந்து பேர். சாப்பாடு முடிகிற நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒரு அம்மாவும் அவருடைய மகளும். மொத்தம் ஏழு பேர். அந்த மகள் மட்டும் கல்யாணமாகி பெங்களூருக்குப் போய்விட்டாள், மற்ற ஆறு பேரும் ஹைதராபாத்திலேயேதான் இருக்கிறோம், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம், அதை மறைக்கவில்லை. சிலிண்டரை மூடினேனா என்று மெட்டுகூடா பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். மகள் காலேஜிலிருந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். ஆனால் பேய், ஆவி, நடமாட்டம் என்று யாராவது பேசினால் மட்டும் எனக்குச் சிரிப்புதான் வரும். உயிரோடு இருக்கிறவர்களால் வருகிற கவலைக்கே எனக்கு நாள் போதவில்லை, இதில் அது வேறா என்று கேட்பேன். அன்றைக்கு நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். தையல் மட்டும் தெரியும். வீட்டை ஒட்டி ரோட்டைப் பார்த்த ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, கல்யாண கவுன், பிள்ளைகள் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும்போது போடுகிற ஃபிராக் இவற்றைத் தைத்துக் கொடுக்கிறேன். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஈஸ்டர் முடிந்ததும் கோவிலில் வரிசையாகக் கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பார்கள், அதனால் கவுனுக்குத் துணி எடுப்பதும் அளவு கொடுப்பதும் அந்தத் தவக்காலத்தில்தான். அந்த ஒன்றரை மாதத்தில் வருகிற ஆர்டர்தான் எனக்கு வருஷத்துச் சாப்பாடு.

விமலாவும் அதே தொழில்தான் செய்கிறாள். செய்கிறாள் என்றால், அவள் ஊசியைத் தொட மாட்டாள். கச்சிபௌலியில் ஏசி போட்ட கடை, ஆள் உயரக் கண்ணாடிகள், தைப்பதற்கு நான்கு பேர். பி.காம் படித்தவள். "ஹாய் மேம், கம் கம்" என்று அவள் வாசலில் நின்று கூப்பிடுவதை ஒருமுறை பார்த்தேன், எனக்கு வயிறு எரிந்தது, சும்மா சொல்லக்கூடாது. அவள் கல்யாணமாகி வந்தபோது அவளுடைய கவுனைத் தைத்ததே நான்தான். அவளிடம் இருக்கிற ஏசி, கண்ணாடி, கார் எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பேசத் தெரிந்திருக்கிறதே, அதுதான். என்ன விலை சொன்னாலும் குரல் நடுங்காமல் சொல்கிறாள். நான் ஒரு கவுனுக்கு ஒன்பதாயிரம் கேட்பதற்குள் வேர்த்துவிடும்.

போன வருஷம் என் கடை வாடகை ஏறியது, ஆர்டர் குறைந்தது. தவக்காலம் ஆரம்பித்த வாரத்தில் விமலா வீட்டுக்கு வந்து, சேவியர் இருக்கும்போதே சொன்னாள்.

"அக்கா, எதுக்கு இந்தக் கஷ்டம்? என் கடைக்கு வந்துடுங்க. மாசம் பதினெட்டாயிரம் தரேன். ஏசில உக்காந்து தைக்கலாம்."

"நல்ல விஷயம்தானே" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் கீழே நான் சம்பளத்துக்கு உட்காருவதா. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வரை டைம் கொடுங்கள், அதற்குள் ஐந்து ஆர்டர் வரவில்லையென்றால் கடையைக் காலி செய்துவிட்டு விமலாவிடம் போகிறேன் என்று நானே வாயைக் கொடுத்துவிட்டேன். ஐந்து என்று ஏன் சொன்னேன், மூன்று என்று சொல்லியிருக்கலாம், அன்று தூக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் குகட்பள்ளியில் பிரசாத் என்கிற ஒருவரைப் பிடித்தேன். அவர் எனக்கு ஒரு வெப்சைட் போட்டுக்கொடுத்து, ஃபோனில் விளம்பரமும் ஓட்டினார். யாராவது கல்யாண கவுன் என்று தேடினால் என் விளம்பரம் மேலே வரும், அதை விரலால் தொட்டால் என் கடைப் பக்கம் திறக்கும், ஒவ்வொரு தொடலுக்கும் என் கணக்கிலிருந்து காசு போகும். என் ஃபோனில் இரண்டு ஆப் போட்டுக் கொடுத்தார். ஒன்று விளம்பரத்தை எத்தனை பேர் தொட்டார்கள் என்று காட்டும். இன்னொன்று பக்கத்துக்குள்ளே எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும்.

முதல் நாளே பார்த்தேன். தொட்டவர்கள் இருபத்தாறு. வந்தவர்கள் மூன்று.

உடனே பிரசாத்துக்கு ஃபோன் போட்டேன். அவர் தெலுங்குக்காரர். "மேடம், அதி நார்மலே அண்டி" என்றார், அது சகஜம்தானாம். நெட் மெதுவாக இருந்தால் பக்கம் திறப்பதற்குள் மூடிவிட்டுப் போவார்கள், சிலர் கை தவறித் தொடுவார்கள், இரண்டு ஆப்பும் இரண்டு விதமாக எண்ணும், கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்றார். கொஞ்சம் என்றால் சரி. இருபத்தாறு பேர் கேட்டைத் திறந்துவிட்டு இருபத்து மூன்று பேர் வாசப்படிக்கு வருவதற்குள் காணாமல் போகிறார்கள் என்றால் எங்கே போகிறார்கள். அவர் என் படங்களையெல்லாம் சின்னதாக்கினார், பக்கம் வேகமாகத் திறந்தது, கணக்கு மாறவில்லை. நாள் தவறாமல் காலையில் பல் துலக்குவதற்கு முன் இரண்டு ஆப்பையும் திறந்து பார்ப்பேன். தொட்டவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். ஆர்டர் ஒன்றே ஒன்று வந்தது, அதுவும் பக்கத்துத் தெருக்காரர், விளம்பரம் பார்த்து வந்தவரில்லை.

ஒருநாள் பிரசாத் பேச்சுவாக்கில், போட்டிக் கடைக்காரர்கள் யாராவது வேண்டுமென்றே தொட்டு உடனே மூடிவிடுவதும் உண்டு, உங்கள் காசு கரையட்டும் என்று செய்வார்கள் என்றார். அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. விமலா. வேறு யார். ஏசியில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, அந்தச் சிவப்பு நகத்தால் தொட்டுத் தொட்டு மூடுகிறாள். சேவியரிடம் சொன்னால் "உனக்கு வேற வேலையே இல்லையா" என்பார், அதனால் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு எப்படியும் சாப்பிட வருவார்கள், கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். பிரசாத்திடம் சொல்லி அந்த ஒரு நாள் மட்டும் விளம்பரம் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் மட்டும் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார், சும்மாதான் என்றேன்.

ஈஸ்டர் அன்று மட்டன் பிரியாணி, தால்ச்சா எல்லாம் செய்து பரிமாறினேன். என் கவனம் தட்டில் இல்லை. ஒரு கண் என் ஃபோனில், ஒரு கண் விமலாவின் கையில்.

"மம்மீ, ஃபோன் பக்கன பெட்டு" என்றாள் ஷெரின். தள்ளி வைக்கச் சொல்கிறாள், நாங்கள் தமிழில் பேசினால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

விமலா மடியில் ஃபோனை வைத்து ஏதோ பார்த்தாள். என் ஆப்பில் ஒன்று ஏறியது.

"விமலா, என்ன பாக்குற?"

"கேக் ஃபோட்டோ அக்கா. ஏன்?"

"என் விளம்பரத்தைத் தொட்டியா?"

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். நான் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன், இருபத்தாறு, மூன்று, போட்டிக் கடை, எல்லாவற்றையும். நான் பேசப் பேச சேவியர் "நக்கோ ஃபிலோ, சாப்புடற நேரத்துல நக்கோ" என்று ஊர்ப் பாஷையில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

விமலா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எழுந்துபோய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பிரியாணி தேக்சாப் பாத்திரத்தை எடுத்து வந்து மேஜை நடுவில் வைத்தாள்.

"எல்லாரும் ஃபோனை இதுல போடுங்க. அக்கா ஃபோன் மட்டும் வெளிய இருக்கட்டும். ஏறுதா இல்லையான்னு பாத்துடலாம். நான் உங்க விளம்பரத்தைத் தொட்டு என்னக்கா ஆகப்போகுது எனக்கு? என் கடைக்கு வர்றவங்களுக்கே பதில் சொல்ல முடியல."

அந்தக் கடைசி வாக்கியம் தேவையா, நீங்களே சொல்லுங்கள்.

நான்கு ஃபோனும் தேக்சாவுக்குள் போனது, மேலே மூடி போட்டாள். என் ஃபோனை மேஜை மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம். ஏறியது. ஒன்று. இன்னொன்று. பிறகு சேர்ந்தாற்போல மூன்று. வீட்டு வாசலில் செருப்புகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வருகிற மாதிரி சீராக ஏறிக்கொண்டே இருந்தது. இன்னொரு ஆப்பில் வந்தவர்கள் பூஜ்யம்.

"அண்ணி, அது ஆளே இல்ல, ஏதோ மெஷின் தொடுது" என்றான் ஆண்டனி. அவன் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறவன். "கைக்கு டென்ஷன், எதுக்கு இந்த டென்ஷன்? நாளைக்கு நான் கம்ப்ளெய்ன்ட் போடறேன்."

நான் விமலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஈஸ்டரும் அதுவுமாக வீட்டுக்கு வந்தவளைத் திருடி மாதிரி நிறுத்திவிட்டேனே, இனி அவளிடமே போய் வேலைக்கு உட்கார வேண்டுமே என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கதவு தட்டுகிற சத்தம்.

ஷெரின் போய்த் திறந்தாள். ஒரு அம்மா, சாட்டின் துணி மூட்டையைக் கையில் வைத்திருந்தார். பின்னால் அவர் மகள். இருவரையும் நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இங்கிலீஷில் கடகடவென்று ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, டேப்பில் இருக்கிற நம்பர் தவிர எனக்கு இங்கிலீஷ் வராது.

"நாங்க மல்காஜ்கிரிலேர்ந்து வரோம் சிஸ்டர்" என்றார் அந்த அம்மா. "இன்னைக்குத் துணியோட வாங்கன்னு சொன்னீங்களே."

"யார் சொன்னது?"

"நீங்கதான். போன வாரம் வந்தோமே. உங்க விளம்பரத்தைத் தொட்டு, அட்ரஸ் பாத்து வந்தோம். என் பொண்ணு ஜெனிகிட்ட ஒரு மணி நேரம் பேசினீங்களே, இங்கிலீஷ்ல. மறந்துட்டீங்களா?"

போன வாரம் நான் யாருடனும் பேசவில்லை, கடையில் தனியாக உட்கார்ந்து பழைய லேஸைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வேறு கடையாக இருக்கும் என்றேன். அவர் முன்னறையை ஒட்டிய என் கடைக் கதவைக் காட்டி, இதே கதவுதான், இதே சிலுவைதான் மேலே இருந்தது, உள்ளே போய் அந்தக் கண்ணாடி ஹாலில் உட்கார்ந்தோமே என்றார். என் கடையில் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், அதற்குப் பிறகு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸின் காம்பவுண்டு. ஹால் எங்கிருந்து வரும்.

நான் தலையாட்டுவதைப் பார்த்து அந்தப் பெண் தன் ஃபோனைத் திறந்து காட்டினாள். என் வெப்சைட்தான், மேலே என் கடைப் பெயர், என் நம்பர். ஆனால் அதில் பிரசாத் போடாத ஒரு படம் இருந்தது. பெரிய வெள்ளை அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி. நடுவில் நான் நிற்கிறேன். மணிக்கட்டில் குண்டூசிப் பஞ்சு கட்டியிருக்கிறேன், நீலப் புடவை, என்னிடம் அந்த நிறத்தில் புடவை கிடையாது. சுற்றிலும் நாற்காலிகளில் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், அம்மாக்களும் பெண்களுமாக, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் படத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை. எதைப் பற்றியும் கவலைப்படாத ஒரு ஆளின் சிரிப்பு.

நான் மட்டும் பார்க்கவில்லை. சேவியர் பார்த்தார், ஆண்டனி பார்த்தான், ஷெரின் பார்த்தாள். விமலா ஃபோனைக் கையில் வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இது எங்க இருக்கு?" என்றாள். "எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

அந்தக் குரலை நான் இருபது வருஷமாக எனக்குள்ளேயே கேட்டிருக்கிறேன், அதனால் உடனே அடையாளம் தெரிந்தது. விமலாவுக்குப் பொறாமை. என்னைப் பார்த்து. ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, மற்றதெல்லாம் மறந்துவிட்டது. பிறகு மறுபடியும் அந்தப் படத்தைப் பார்த்தேன், அந்த நாற்காலிகளை எண்ண முடியவில்லை, என் இருபத்து மூன்று பேரும் எங்கே போனார்கள் என்று தெரிந்துவிட்டது, என் வயிறும் எரிந்தது. எங்கள் முன்னறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றோம்.

ஆண்டனி அந்தப் பக்கத்தைத் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னான். தேக்சாவிலிருந்து ஃபோனை எடுத்துத் திறந்தான், அவனுக்கு என் சாதாரணப் பக்கம்தான் வந்தது. திரும்ப அந்தப் பெண்ணின் ஃபோனில் பார்த்தால் அதிலும் அதே சாதாரணப் பக்கம். படத்தைக் காணவில்லை.

வந்தவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசில்லை, ஆர்டர் அல்லவா. உள்ளே கூட்டிப்போய் டேப்பை எடுத்தேன். அளவுதான் அன்றைக்கே எடுத்தீர்களே என்றார் அந்த அம்மா. ஒருமுறை சரிபார்க்கிறேன் என்றேன். நான் டேப்பை வைப்பதற்கு முன்னாலேயே அந்தப் பெண் போன வாரம் எடுத்த அளவைச் சொன்னாள், வைத்துப் பார்த்தால் நூல் பிசகாமல் இருந்தது. விலை என்ன பேசினோம் என்று மெதுவாகக் கேட்டேன்.

"பன்னெண்டாயிரம். ஏழாயிரம் அன்னைக்கே உங்க கையில கொடுத்தேனே சிஸ்டர். பாக்கி அஞ்சாயிரம் டெலிவரி அப்பத் தரேன்."

அந்தப் படத்தில் நின்றவள் பன்னிரண்டாயிரம் கேட்டிருக்கிறாள். குரல் நடுங்காமல்.

கிளம்பும்போது அந்த அம்மா தயங்கி நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நீங்களே சொன்னீங்க, அடுத்த தடவை பாக்கும்போது நான் கொஞ்சம் படபடப்பா இருப்பேன், உங்களை அடையாளம் தெரியாத மாதிரி பேசுவேன், கோவிச்சுக்காதீங்க, தையல் மட்டும் நல்லா வரும்னு. அப்ப எனக்கு விளங்கல."

அந்த வாரம் முடிவதற்குள் இன்னும் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேருமே முன்பே வந்து பேசிவிட்டுப் போனவர்கள், அளவு கொடுத்தவர்கள், அட்வான்ஸ் கையில் கொடுத்தவர்கள். ஐந்து ஆர்டர் என்று நான் சொன்ன கணக்குக்கு மேலேயே ஆகிவிட்டது. கடையை விடவில்லை. விமலா அதற்குப் பிறகு என்னை வேலைக்குக் கூப்பிடுவதே இல்லை. வருகிறபோதெல்லாம் கடைக்குள் போய், பின்பக்கச் சுவரை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்கிறாள்.

ஆண்டனி யாரோ உங்கள் பெயரில் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லி இரண்டு வாரம் தேடினான், ஒன்றும் கிடைக்கவில்லை. சேவியர் என்னைத்தான் சந்தேகப்படுகிறார், அட்வான்ஸை வாங்கி எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று. பிரசாத்திடம் சொல்லி விளம்பரத்தை நிறுத்திவிடலாம் என்று எத்தனையோ தடவை ஃபோனை எடுத்தேன், நிறுத்தினால் ஆர்டரும் நின்றுவிடுமோ என்று பயம், கீழே வைத்துவிட்டேன். விளம்பரத்துக்குக் காசு நான் கட்டுகிறேன், ஆட்கள் அவளிடம் போகிறார்கள். லைனிங்குக்கும் லேஸுக்கும் கைக்காசு போட்டு நான் தைக்கிறேன், பேச்சும் சிரிப்பும் அவளுடையது. டெலிவரி எடுக்க வருகிறவர்கள் கவுனைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள், என்னைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்து போகிறார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. ஏழாம் வகுப்போடு நிற்காமல் இருந்திருந்தால் நான் அவளாக ஆகியிருப்பேனோ என்று மெஷினில் உட்கார்ந்தால் ஓடுகிறது, ஊசி கையில் ஏறியதும் உண்டு.

பயம் என்று சொன்னால் இதற்குப் பயம் இல்லை. பொறாமைதான். அதோடு கோபமும். ஆளாளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுக் கூட்டி வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லி அவள் வாங்கிய அட்வான்ஸில் இதுவரை ஒரு ரூபாய்கூட என் கைக்கு வரவில்லை, அவள் எனக்குத் தரவேண்டிய பாக்கி அறுபத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.